காம்போஸ் முதல் பாயின்ட் ஃபைவ் வரை

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பவன். எந்தக் கணக்கையும் முதல் என்ட்ரியிலிருந்து பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இதை எழுத எனக்கிருக்கும் தகுதி. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் பதிவே. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மாதுங்காவாக இருக்கட்டும், செம்பூராக இருக்கட்டும், தாராவியாக இருக்கட்டும், எங்கள் அம்பர்நாத்தாக இருக்கட்டும், நம் ஆட்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதில் பி.பி. மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் நடுவில் பொடிசாக ஒன்று. பேர் கேட்டால் தெரியாது. "அதுவா, பாயின்ட் ஃபைவ்" என்பார்கள். சில வீடுகளில் பாயின்ட் டூ ஃபைவ். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் கதை வரும். 2005 ஜூலை வெள்ளத்தில் அவர் வீடு வந்து சேராத ராத்திரியிலிருந்து. 2006ல் லோக்கல் ரயிலில் குண்டு வெடித்ததிலிருந்து. பையன் வெளிநாடு போனதிலிருந்து. டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதியிருப்பார். அந்தப் பத்து நாள் பத்து வருஷமாகி, சீட்டு மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, ஸெல்லோடேப் ஒட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கல்காரருக்கு அந்தச் சீட்டும் வேண்டாம். முகம் தெரிந்தால் போதும்.

அந்தப் பொடி மாத்திரை பெரும்பாலும் அல்ப்ராஸோலம் அல்லது க்ளோனாஸெபாம். இவற்றின் தாத்தா பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். காம்போஸ். எண்பதுகளின் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் கவலைப்படும் கதாநாயகி கையில் இருக்குமே, அதே காம்போஸ்.

கதையை இன்னும் கொஞ்சம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்.

லியோ ஸ்டெர்ன்பாக் என்று ஒரு வேதியியலாளர். யூதர். போலந்தின் க்ராகோவில் படித்து, ஸ்விட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனியில் சேர்ந்தார். ஹிட்லர் காலத்தில், 1941ல், ரோஷ் அவரை அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியிலிருந்த தன் கிளைக்கு அனுப்பியது. (பிழைக்க ஊர் விட்டுப் போனவர்தான், நம்மைப் போல. நமக்கு நல்லவேளையாக ஹிட்லர் இல்லை, தாதர் எக்ஸ்பிரஸ் மட்டும்தான்.) ஐம்பதுகளில் அவருக்கு இட்ட வேலை, அப்போது அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த மில்டவுன் என்கிற கவலை மாத்திரைக்குப் போட்டியாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. நாற்பது சேர்மங்கள் செய்து பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. வேறு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 1957ல் ஆய்வக மேஜையை ஒழிக்கும்போது, அவருடன் வேலை பார்த்த ஏர்ல் ரீடர், சோதிக்காமல் கிடந்த ஒரு பொடியைக் காட்டினார். தூக்கிப் போடுவதற்கு முன் சோதனைக்கு அனுப்பித்தான் பார்ப்போமே என்று அனுப்பினார்கள். அதுதான் க்ளோர்டயாஸெபாக்ஸைடு. 1960ல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் தம்பி டயஸெபாம், 1963ல் வேலியம் என்ற பெயரில் வந்தது.

வேலியம் ஏன் அப்படி ஓடியது? அதற்கு முன் இருந்தவை அவ்வளவு மோசம். பார்பிட்யூரேட் வகைத் தூக்க மாத்திரை நாலு கூடினால் ஆள் காலி. மர்லின் மன்றோ 1962ல் போனது அந்த வகையால்தான். வேலியம் அப்படி இல்லை; தனியாக, மது சேராமல் அதிகம் விழுங்கினாலும் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். இதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். வலிப்பை நிறுத்த, ஆபரேஷனுக்கு முன் பயத்தைத் தணிக்க, குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தை அடக்க, இன்றைக்கும் இந்தக் குடும்பத்து மருந்துகள் பல உயிரைக் காப்பாற்றுகின்றன. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. 1978ல் அமெரிக்காவில் மட்டும் 230 கோடி வேலியம் மாத்திரை விற்றிருக்கிறது. அந்தக் கால மக்கள்தொகைக்கு வகுத்தால் குழந்தை குட்டி உட்பட தலைக்குப் பத்து.

இந்தியாவுக்கு எப்படி வந்தது என்பதுதான் என்னைப் போன்ற பேங்க்காரனுக்குச் சுவையான பகுதி. ரன்பீர், குர்பக்ஸ் என்ற இரண்டு பேருடைய பெயரை ஒட்டவைத்துத்தான் ரான்பாக்ஸி. மருந்து விநியோகம் செய்த சின்ன நிறுவனம். பணம் கடன் கொடுக்கும் தொழிலில் இருந்த பாய் மோகன் சிங்கிடம் வாங்கிய கடன் திரும்பவில்லை. 1952ல் கம்பெனியே அவர் கைக்குப் போனது. (வாராக்கடன் இப்படி வசூலானால் எங்கள் ஆட்களும் சந்தோஷப்படுவார்கள் :-) ) டயஸெபாமுக்கு ரோஷ் இந்தியாவில் பேட்டன்ட் வாங்கி வைத்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் ரான்பாக்ஸி புகுந்தது. அறுபதுகளின் கடைசியில், வங்கிகள் தேசியமயமான 1969ஐ ஒட்டி, காம்போஸ் கடைக்கு வந்தது. ரான்பாக்ஸியைப் பெரிய கம்பெனி ஆக்கியதே அதுதான். அப்புறம் 1970ல் புதிய பேட்டன்ட் சட்டம் வந்து, 1972ல் அமலுக்கு வந்தது. மருந்துக்கே பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று ஆனதும் கதவு முழுக்கத் திறந்தது. அமெரிக்காவில் 1981ல் அனுமதி பெற்ற அல்ப்ராஸோலம் இங்கே எத்தனையோ பெயர்களில் மலிவு விலையில் வந்தது. ஏழைகளுக்கு மருந்து கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மருந்து வந்தது. அதனுடன் சேர்ந்து வரவேண்டிய இன்னொரு சரக்கு வரவில்லை.

லிப்ரியம் கடைக்கு வந்த அடுத்த வருஷமே, 1961ல், அமெரிக்க டாக்டர் லியோ ஹாலிஸ்டர் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார். அதிக டோஸில் லிப்ரியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 நோயாளிகளுக்குத் திடீரென்று நிறுத்தினார். 10 பேருக்குப் புதிதாகத் தொந்தரவு. இரண்டு பேருக்கு வலிப்பு. அதாவது வேலியம் பிறப்பதற்கு முன்பே விஷயம் அச்சில் வந்துவிட்டது. ஆனால் அது அதிக டோஸ் ஆயிற்றே, நாம் கொடுப்பது சின்ன டோஸ்தானே என்று உலகம் இருபது வருஷம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது.

அந்தச் சமாதானத்தை உடைத்தவர்கள் லண்டனில் பீட்டர்சன், மால்கம் லேடர் என்ற இருவர். 1981ல் அவர்கள் பார்த்தது 16 பேரை. எல்லோரும் டாக்டர் எழுதிக்கொடுத்த சாதாரண டோஸை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், ஒரு வருஷத்திலிருந்து 16 வருஷம் வரை. நிறுத்தியபோது 16 பேருக்குமே ஏதோ ஒரு வகையில் தொந்தரவு வந்தது. ஒருவர் விடாமல். போதைக்காகச் சாப்பிட்டவர்கள் இல்லை, ஸ்ட்ரிப்பில் போட்டிருக்கிறபடி சாப்பிட்டவர்கள். எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான வரி இதுதான் என்று தோன்றுகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். மூளையில் காபா என்று ஒரு ரசாயனம். பரபரப்பை அடக்கும் பிரேக் மாதிரி. இந்த மாத்திரைகள் உட்காரும் இடம் அந்த பிரேக்கிலேயே இருக்கிறது என்று 1977ல் தெரியவந்தது. மாத்திரை வந்து தினம் பிரேக்கை அழுத்திக்கொடுத்தால், மூளை தன் பக்கத்து வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஓவர்டிராஃப்ட் வசதி உள்ள வியாபாரி வசூலுக்கு அலைவதை விட்டுவிடுவான் பாருங்கள், அதுபோல. ஒருநாள் திடீரென்று ஓ.டி.யை மூடினால் என்ன ஆகும்? கடையில் காசும் இல்லை, வசூல் செய்யும் பழக்கமும் இல்லை. தூக்கம் போகும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சத்தமும் வெளிச்சமும் தாங்காது. சிலருக்கு இல்லாதது தெரியும், கேட்கும். சிலருக்கு வலிப்பு. இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. முதலில் வருவது பெரும்பாலும் பதற்றமும் தூக்கமின்மையும்தான். எதற்காக மாத்திரை ஆரம்பித்தோமோ அதே தொந்தரவு. "பார், நிறுத்தினதும் பழைய வியாதி வந்துவிட்டது" என்று திரும்பவும் ஆரம்பித்துவிடுவார்கள். அது பழைய வியாதியாக இல்லாமல் நிறுத்தியதன் விளைவாகவே இருக்கலாம்.

எங்கள் சொஸைட்டியில் ஒரு மாமி. பன்னிரண்டு வருஷமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. லீவில் வந்த பையன் இன்டர்நெட்டில் படித்துவிட்டு, "அம்மா, இது அடிமையாக்கும் மாத்திரை" என்று ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்டான். அம்மா மேல் உள்ள பாசம்தான். மாமிக்கும் 'அடிமை' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு நாள் தூங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், பையனிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா?" அதனால் பிழைத்தார். பிறகு ஏறக்குறைய ஒன்றரை வருஷத்தில் மெல்ல மெல்லக் குறைத்து, முழுக்க நிறுத்தியும்விட்டார்.

இந்த 'அடிமை' என்ற சொல்தான் பாதிப் பிரச்சினை. உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. அடிமை என்றால் கேடு தெரிந்தும் தேடித் தேடிப் போவது. உடம்பு பழகுவதற்கு மனசின் சம்மதமே வேண்டாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பயங்கரமான சாட்சி இருக்கிறது. பக்கத்துப் பிவண்டியின் பவர்லூம்களில் வேலை செய்யும் தெலங்கானாக்காரர்களுக்கு அந்த ஊர்க் கள்ளைப் பற்றி நன்றாகத் தெரியும். அங்கே கள்ளுக்கு மரம் போதாமல், தண்ணீரில் சாக்ரீன், க்ளோரல் ஹைட்ரேட், டயஸெபாம், அல்ப்ராஸோலம் என்று கலந்து விற்பது வெகுகாலப் பழக்கம். 2015 செப்டம்பரில் அரசு கெடுபிடி செய்ய, கலப்படம் சட்டென்று நின்றது. நல்ல காரியம்தானே? ஆனால் நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். நடுக்கம், உளறல், இல்லாததைப் பார்த்து அலறல், வலிப்பு. நூற்றுக்கணக்கானவர்கள், பெண்களும் வயதானவர்களும் உட்பட. சாவுகளும் நடந்தன. ஹைதராபாத் எர்ரகட்டா மனநல ஆஸ்பத்திரி வரை நோயாளிகள் போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் அல்ப்ராஸோலம் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாதவனை அதற்கு அடிமை என்று எப்படிச் சொல்வது? அவர்கள் உடம்புக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கள்ளில் மட்டும்தான் இப்படி ஒளிந்து வருகிறது என்றில்லை. லிப்ரியத்தைக் குடல் பிடிப்புக்கான மருந்துடன் சேர்த்து ரோஷ் அந்தக் காலத்திலேயே லிப்ராக்ஸ் என்று விற்றது. அதே கூட்டில் இங்கேயும் வயிற்று மாத்திரைகள் உண்டு. 'வாயு மாத்திரை' என்று வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் ஒருமுறை அட்டையின் பின்பக்கம் பாருங்கள், க்ளோர்டயாஸெபாக்ஸைடு என்று இருக்கிறதா என்று.

பிரிட்டனில் விழிப்பு வந்தது பத்திரிகைகளாலும் நோயாளிகளின் கோபத்தாலும். 1988ல் அங்கே மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்த மாத்திரைகளை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. சுமார் 14,000 பேர் கம்பெனிகள் மேல் வழக்குக்குப் போனார்கள். அரசு தந்த சட்ட உதவிப் பணம் நின்றதும் தொண்ணூறுகளின் நடுவில் வழக்கு தீர்ப்பு வராமலே படுத்துவிட்டது. அந்த ஊரிலும் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். 1982லிருந்து 1994 வரை, இந்த மாத்திரையை விட விரும்புகிறவர்களுக்காக மட்டும் ஒரு க்ளினிக். சுமார் 300 பேர். அவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். வேகத்தை நோயாளி தீர்மானிக்கட்டும் என்றார். 1999ல் அதை ஒரு கையேடாக எழுதி, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தார். 2019ல் காலமானார். அந்தக் கையேட்டில் ஒரு அட்டவணை இருக்கிறது. நம் பாயின்ட் ஃபைவ் அல்ப்ராஸோலம், ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயஸெபாமுக்குச் சமம் என்கிறார். பாயின்ட் ஃபைவ் க்ளோனாஸெபாமும் அப்படியே. பொடிசு, தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது, என்ன செய்துவிடும் என்று நினைக்கிற மாத்திரை, அந்தக் காலத்து முழு 10 நம்பர் காம்போஸ்! இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இங்கே என்ன நடந்தது? சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற விதி பழையதுதான். 1985ன் போதைப்பொருள் சட்டமும் இவற்றில் பலவற்றைப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் அதன் கண் கடத்தல்காரன் மேல். மெடிக்கல் கவுன்டரை நேராகப் பார்த்தது 2013ல் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் அமலான ஹெச் ஒன் அட்டவணை. அல்ப்ராஸோலம், டயஸெபாம், க்ளோர்டயாஸெபாக்ஸைடு, நைட்ரஸெபாம் எல்லாம் அதில். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை, கடையில் தனி ரிஜிஸ்டர், அதில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஹாலிஸ்டரின் 1961லிருந்து எண்ணினால் 53 வருஷம். அமெரிக்காவும் ரொம்பப் பீற்றிக்கொள்ள முடியாது. உடம்பு பழகுவதையும் நிறுத்தும்போது வரும் ஆபத்தையும் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு இந்த மருந்துகள் எல்லாவற்றின் மேலும் எச்சரிக்கச் சொன்னது 2020ல்தான்.

ஆனால் ரிஜிஸ்டர் ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. கண்டிப்பான கடைக்காரர் பழைய சீட்டுக்குத் தரமாட்டேன் என்கிறார். அது சட்டப்படி சரி. ஆனால் பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டவருக்கு அன்று ராத்திரி மாத்திரை இல்லை! ஊருக்குப் போகும்போதும் இதுதான். திருநெல்வேலியில் கல்யாணம், ஐந்து நாள் என்று போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, எண்ணி எடுத்துப்போன ஸ்ட்ரிப் தீர்ந்துவிடுகிறது. வெயில், அலைச்சல், பி.பி. என்று எதையெதையோ சொல்கிறோம். அல்ப்ராஸோலம் சீக்கிரம் உடம்பைவிட்டு இறங்கும் சரக்கு. பாதி இறங்கச் சுமார் 11 மணி நேரம்தான். இரண்டு நாளில் ஆட்டம் காட்டிவிடும். துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. இந்த மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. முன்கூட்டியே அனுமதி வாங்காமல் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக்கூடாது.

சரி, பத்திரமாக நிறுத்துவது எப்படித்தான்? இங்கே காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும் ஒன்று இருக்கிறது. தேய்மானம் போட இரண்டு முறை படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று, வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. இன்னொன்று, மிச்சம் இருக்கிற மதிப்பில் ஒரே சதவீதத்தைக் கழிப்பது. மாத்திரைக்கு இரண்டாவதுதான். ஒரு மில்லிகிராமில் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் 0.1 குறைத்தால், முதல் படி 10 சதவீதம். ஆனால் 0.2லிருந்து 0.1க்கு வரும்போது அதே 0.1, 50 சதவீத வெட்டு! முக்கால்வாசி தூரம் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் சறுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிச்சத்தில் 10 சதவீதம் என்றால் 1, 0.9, 0.81, 0.73 என்று போகும். படிகள் போகப் போகச் சின்னதாகும். பிரிட்டனின் 2022 வழிகாட்டி இந்த விகிதக் கணக்கைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025ல் கொண்டுவந்த வழிகாட்டி, இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை 5லிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது என்கிறது.

பாயின்ட் ஃபைவை 0.45 ஆக எப்படி வெட்டுவது? வெட்ட முடியாது. அதனால்தான் இது வீட்டில் கத்தியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. சிலருக்கு டாக்டர் மெதுவாக இறங்கும் டயஸெபாமுக்கு மாற்றி, 2 மில்லிகிராம் மாத்திரையில் குறைத்துக்கொண்டு வருவார். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். வலிப்பு நோய் இருப்பவர், குடிப்பழக்கம் இருப்பவர், கர்ப்பிணி, ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. நடுவில் ஒரு படியில் இரண்டு மாதம் நின்றுகொள்வதில் தவறில்லை. இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் வரும் கொடைன், ட்ரமடால் வகைகளோடும் மதுவோடும் சேர்வதுதான் உயிருக்கே ஆபத்து, மூச்சே அடங்கிவிடும். எழுபது தாண்டியவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைவதற்கும் இந்த மாத்திரை ஒரு காரணமாக இருக்கக்கூடும். அதற்காக அவரிடமிருந்து நாளைக்கே பிடுங்கிவிடாதீர்கள்.

முதலில் எழுதிக்கொடுத்த டாக்டர் இப்போது இல்லை, அல்லது "ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்" என்கிறாரா? மனநல மருத்துவரிடம் போவதற்கு நம் குடும்பங்களில் இருக்கும் தயக்கம் எனக்கும் தெரியும். தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.இ.எம்., இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, பெரிய செலவு இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 14416க்கு ஃபோன் செய்தால் தமிழிலும் பேசலாம். எங்கே போனாலும் அந்தக் கிழிந்த சீட்டோடு ஸ்ட்ரிப்பையும் கையில் எடுத்துப்போங்கள். க்ளோர்டயாஸெபாக்ஸைடு என்பதை வாயால் சொல்ல நம்மால் ஆகாது.